அடுத்தவர் வைஃபையில் இணைவதற்கு முன்

பொது இடங்களில் கிடைக்கும் வைஃபையைத் தொடவே கூடாது என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் எந்நேரமும் சிக்னல் கிடைக்கும் ஊர்களில் வசிப்பவர்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க முடியாது. கொடைக்கானல் ஏரிச்சாலையிலும் ஏழு ரோடு சந்திப்பிலும் கைப்பேசி குறையின்றி வேலை செய்யும். வட்டக்கானல் சரிவில் இறங்கினாலோ, பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர், கூக்கால் பக்கம் போனாலோ, இடையில் ஒரு மலைமுகடு வந்தவுடன் டவர் போய்விடும். மழையோடு மின்சாரமும் போய்விட்டால் மிச்சமிருக்கும் கொஞ்ச சிக்னலும் நிலைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் தங்குபவர், பத்திரமாக வந்து சேர்ந்ததை வீட்டுக்குச் சொல்வதற்கும், ஜீப்புக்காரருக்குப் பணம் அனுப்புவதற்கும், அலுவலகம் கேட்ட கோப்பை அனுப்புவதற்கும் ஹோம்ஸ்டேக்காரர் கொடுக்கும் வைஃபையைத்தான் நம்பியாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகியிருக்கிறது. அதைக் கீழே வத்தலக்குண்டிலேயே எடுத்து முடிக்காமல் மலையேறிவிட்டு, சாலையோரத் தேநீர்க் கடையில் வைஃபை உண்டா என்று கேட்டு நிற்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹோம்ஸ்டேக்களுக்கும் சிறிய உணவகங்களுக்கும் இணைய இணைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை வைத்துப் பார்க்கும்போது, பயப்பட வேண்டாத இடத்தில் மிகுதியாகப் பயப்படுகிறார்கள், கவனமாக இருக்க வேண்டிய இடத்தில் யோசிக்காமல் விரலை வைத்துவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

முதலில் பழைய பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒரு காலத்தில் முற்றிலும் நியாயமானது. கடவுச்சொல் இல்லாத வைஃபையில் நம் கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையே போகும் தரவு, காற்றில் திறந்த நிலையிலேயே போகிறது. அருகில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் எவரும் அதைப் பிடித்துப் பார்க்கலாம். 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற, ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கான கூடுதல் நிரல் வெளிவந்தபோது, நிபுணத்துவம் எதுவும் இல்லாதவர்கூட ஒரே சொடுக்கில், பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் அவர் பெயரிலேயே நுழைய முடிந்தது. அன்றைய தளங்கள் கடவுச்சொல்லை மட்டும் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கிவிட்டு, உள்ளே நுழைந்த பிறகு நடப்பதையெல்லாம் திறந்தபடி அனுப்பியதால் வந்த வினை அது. அதற்குப் பிறகு நிலைமை மாறியது. பெரிய தளங்கள், போய்வரும் தரவு எல்லாவற்றையும் மறைகுறியாக்கும் எச்டிடிபிஎஸ் முறைக்கு முழுவதும் மாறின. 2015-க்குப் பிறகு லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதற்குத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழ்களை இலவசமாக வழங்கத் தொடங்கியதும் சிறிய தளங்களும் மாறின. 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, எச்டிடிபிஎஸ் இல்லாத தளம் ஒவ்வொன்றையும் பாதுகாப்பற்றது என்று முகவரிப் பட்டையிலேயே குறித்துக் காட்டுகிறது.

இன்று நீங்கள் அடுத்தவர் வைஃபையில் இருந்தபடி வங்கித் தளத்தைத் திறந்தால், அந்த வைஃபையை நடத்துபவருக்கு எவ்வளவு தெரியும்? பேருந்தின் கண்டக்டருக்கு நீங்கள் எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்று தெரியும். உங்கள் பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதுபோல, எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எந்நேரம் போனீர்கள், ஏறத்தாழ எவ்வளவு தரவு போய்வந்தது என்பது அவருக்குத் தெரியக்கூடும். அங்கே நீங்கள் தட்டிய எழுத்தும், பார்த்த இருப்புத் தொகையும் தெரியாது. போகும் தளத்தின் பெயர் தெரிவதுகூடச் சிலருக்குச் சங்கடம் தரக்கூடியதுதான். உடல்நலம், சட்ட ஆலோசனை போன்றவற்றைத் தேடுபவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பணம் பறிபோவதற்கு அது வழியில்லை.

சென்ற சீசனில், வில்பட்டிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் நான் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தபோது, மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண், "அண்ணே, இந்த வைஃபைல ஜிபே பண்ணலாமா? பண்ணா பின் நம்பரை எடுத்துருவாங்கன்னு சொல்றாங்களே" என்று கேட்டார். பண்ணலாம் என்றுதான் சொன்னேன். யுபிஐ செயலி எதுவானாலும், பின் எண்ணைத் தட்டும் பெட்டியைத் தருவது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் மென்பொருள் கூறு. தட்டிய எண் கைப்பேசியை விட்டு வெளியேறும் முன்பே மறைகுறியாக்கப்படுகிறது. மேலும் உங்கள் கணக்கு அந்தக் கைப்பேசியோடும் அதிலுள்ள சிம்மோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. வைஃபையில் ஒட்டுக் கேட்பவர் இந்த இரண்டையும் தாண்டிவிட முடியாது. ஆனால் அந்தப் பெண் பின் எண்ணைத் தட்டும்போது, பின்னால் சாய்வு நாற்காலியில் வேறொரு குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் திரை நன்றாகத் தெரியும் இடம் அது. சுவரை ஒட்டி நின்று தட்டச் சொன்னேன்.

இத்தனை சொன்ன பிறகு, அக்கறையோடு பார்க்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அது இணைப்பில் நுழையும் வாசல்.

கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் வரும் பெயர்களுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ரவுட்டர் வைத்திருக்கும் எவரும் தாம் விரும்பிய பெயரை அதற்கு வைக்கலாம். ஏரிச்சாலையில் ஒரு பிரபலமான உணவகத்தின் பெயரையே தம் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துக்கொண்டு ஒருவர் அதே உணவகத்தில் உட்கார்ந்தால், பட்டியலில் எது உண்மையானது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கடவுச்சொல் இல்லாத வைஃபையில் முன்பு ஒருமுறை இணைந்திருந்தால், அதே பெயரைக் கண்டவுடன் கைப்பேசி உங்களைக் கேட்காமலேயே போலியோடு இணைந்துவிடவும் கூடும். ஆஸ்திரேலியாவில் 2024-இல், விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானத்துக்குள்ளும் இப்படிப் போலி வைஃபை வைத்ததாக ஒருவர்மீது அந்நாட்டுக் கூட்டாட்சிக் காவல்துறை வழக்குத் தொடர்ந்தது. அவர் மறைகுறியாக்கத்தை உடைக்க முயலவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இணைந்தவர்களுக்கு ஒரு பக்கத்தைக் காட்டி, மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கைக் கொண்டு உள்ளே வருமாறு கேட்டிருக்கிறார் என்பதே குற்றச்சாட்டு. மக்கள் தாமாகவே எழுதிக் கொடுப்பதற்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை.

இணையும்போது திறக்கும் இந்த வாசல் பக்கத்தை வைத்து ஏமாற்றுவது நம் நாட்டில் இன்னும் எளிது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த ஒருவரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டே, பொது வைஃபையில் இணைபவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை விதித்தது. ரயில் நிலையத்திலும் வணிக வளாகத்திலும் கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் கேட்பது இதனால்தான். அந்த ஓடிபி, இணைபவரை அடையாளம் காண்பதற்காக இருப்பது. நம் இணைப்பைப் பாதுகாப்பதற்காக இருப்பது என்று பலர் நினைப்பது சரியல்ல. இதனால் விளைந்த இன்னொன்றும் உண்டு. எந்த வைஃபையானாலும் ஓடிபி கேட்டால் கொடுத்துவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

இந்தப் பழக்கத்தை ஒரு மோசடிக்காரர் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். போலிப் பக்கம் உங்கள் கைப்பேசி எண்ணைக் கேட்கிறது, நீங்கள் கொடுக்கிறீர்கள். அதே நொடியில் அவர் தம் கைப்பேசியில் வாட்ஸ்அப்பை நிறுவி, உங்கள் எண்ணைப் போடுகிறார். உங்களுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று குறுஞ்செய்தியாக வருகிறது. அது வைஃபைக்காக வந்தது என்று நினைத்து நீங்கள் பக்கத்தில் தட்டுகிறீர்கள். உங்கள் வாட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விட்டது. இனி அவர் உங்கள் தம்பியிடமும் சித்தியிடமும் அவசரமாகப் பணம் வேண்டும் என்று உங்கள் பெயரில் கேட்கலாம். இதைத் தடுக்கும் வழி, குறுஞ்செய்தியை முழுவதும் படிப்பது. திரையின் மேல்விளிம்பில் எண் மட்டும் தெரியும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தட்டக் கூடாது. எந்த நிறுவனத்திலிருந்து, எதற்காக வந்த குறியீடு என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஒரு பின் எண்ணை வைத்திருந்தால், குறியீட்டைக் கொடுத்துவிட்ட பிறகும் அவரால் எளிதில் உள்ளே போக முடியாது. மலையேறும் முன் அதைச் செய்துகொள்ளுங்கள்.

இதே வாசலில் வேறு சில வேண்டுகோள்களும் வரலாம். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை எந்த வைஃபையும் கேட்கத் தேவையில்லை. வங்கி அட்டை எண்ணை, இலவச வைஃபை கேட்கவே கூடாது. இணைவதற்கு ஒரு செயலியை நிறுவச் சொன்னாலோ, ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பைப் பதிவிறக்கச் சொன்னாலோ உடனே வெளியேறிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளால் பணம் இழந்தவர்களின் செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வைஃபையில் இணைந்தவுடன் ஏதோ ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் செய்தியும் அந்த வகைதான். டார்க்ஹோட்டல் என்று பெயரிட்டு 2014-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய தாக்குதலில், ஆசியாவின் ஆடம்பர ஓட்டல்களில் தங்கிய நிறுவன அதிகாரிகளுக்கு, ஓட்டல் வைஃபையில் நுழைந்ததும் நன்கு அறிந்த மென்பொருள்களின் புதுப்பிப்பு என்ற தோற்றத்தில் உளவு நிரல் கொடுக்கப்பட்டிருந்தது. புதுப்பிப்பை வீட்டில் செய்துகொள்ளலாம்; பயணத்தில் அதற்கு அவசரம் இல்லை.

கியூஆர் குறியீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது உணவகங்களில் மேசைக்கு மேசை அது ஒட்டப்பட்டிருக்கிறது. வைஃபைக்கான குறியீட்டை ஸ்கேன் செய்தால், வைஃபையின் பெயரைக் காட்டி, இணையலாமா என்று கைப்பேசி கேட்கும். அதற்குப் பதிலாக ஓர் இணையப் பக்கம் திறந்தால், அல்லது பணம் செலுத்தும் செயலி திறந்தால், அந்த ஸ்டிக்கர் வேறொன்றின்மேல் ஒட்டப்பட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கல்லாவில் இருப்பவரிடமும் காட்டுங்கள்.

சான்றிதழ் சரியில்லை, இந்த இணைப்பு தனிப்பட்டதல்ல என்று உலாவி சிவப்பு எழுத்தில் எச்சரித்தால், அதைத் தாண்டிப் போகும் பொத்தானை அழுத்தவே கூடாது. எனக்கு இதில் சமரசம் கிடையாது. மேலே சொன்ன பாதுகாப்பு முழுவதும் அந்த எச்சரிக்கையை நாம் மதிப்பதில்தான் நிற்கிறது. அதே நேரத்தில், பூட்டுச் சின்னம் இருப்பதால் மட்டும் தளம் நல்லது என்று ஆகிவிடாது. மோசடித் தளங்களும் சான்றிதழ் வாங்கிக்கொள்கின்றன. மக்கள் அப்படித் தவறாக நம்பியதால்தான் 2023-இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. முகவரியை எழுத்து எழுத்தாகப் படிப்பதும், வங்கிக்கு உலாவியை விட வங்கியின் சொந்தச் செயலியைப் பயன்படுத்துவதும் நல்லது.

நம் தரவு முழுவதையும் மறைகுறியாக்கி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் சேவையை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம்பகமான, காசு கொடுத்து வாங்கும் விபிஎன், நீங்கள் போகும் தளங்களின் பெயரையும் ஹோம்ஸ்டேக்காரரிடமிருந்து மறைக்கும். ஆனால் அவரிடமிருந்து மறைத்ததை விபிஎன் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறீர்கள். இலவச விபிஎன் செயலிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 2022-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தபோது, சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன. அலுவலகம் கொடுத்த விபிஎன் இருந்தால் அதைக் கட்டாயம் இயக்குங்கள். மற்றவர்களுக்கு அது முதல் தேவை இல்லை என்பது என் கருத்து.

மலைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வைஃபை நன்றாக இருக்கும், டவர் இருக்காது, அதனால் வங்கியின் ஓடிபி வராது. அப்போது சிலர் பதற்றத்தில் மற்றொருவர் கைப்பேசியில் தங்கள் கணக்கைத் திறக்கிறார்கள், அல்லது ஊரிலிருக்கும் உறவினரிடம் அட்டை விவரங்களைச் சத்தமாகச் சொல்கிறார்கள். இதற்கு நல்ல மாற்று, கைப்பேசியின் அமைப்பில் உள்ள வைஃபை காலிங் வசதி. அதை இயக்கினால் பல கைப்பேசிகளில் அழைப்பும் குறுஞ்செய்தியும் வைஃபை வழியாகவே வரும். கைப்பேசிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் இடையே தனி மறைகுறிப் பாதை அமைவதால், யாருடைய வைஃபையானாலும் பேச்சை ஒட்டுக் கேட்க இயலாது. டவர் இருந்து டேட்டா மட்டும் கிடைக்காத இடத்தில் *99# என்று அழைத்தும் யுபிஐ பணம் அனுப்பலாம்.

கைப்பேசியில் செய்ய வேண்டிய மற்றவை சிறியவை. ஊரை விட்டுக் கிளம்பும்போது, தங்கிய இடத்தின் வைஃபையை மறக்கச் சொல்லும் தெரிவை அழுத்திவிடுங்கள். தானாக இணைவதை நிறுத்துங்கள். மடிக்கணினியில் புதிய வைஃபையைப் பொது வலையமைப்பு என்றே குறியுங்கள். சிக்னல் இருக்கும் இடத்தில், பணம் தொடர்பானதற்குச் சொந்த டேட்டாவே போதும்; யுபிஐ பரிமாற்றத்துக்கு மிகக் குறைந்த தரவுதான் செலவாகிறது.

எல்லாக் கவனத்தையும் மீறிப் பணம் போய்விட்டால், ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கி வைக்க வாய்ப்பு இருப்பது தொடக்க நேரத்தில்தான். வங்கிக்கும் அன்றே தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது; தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது.

இனி ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு. என் மனத்தில் அதிகம் இருப்பது இந்தப் பகுதிதான், ஏனென்றால் விருந்தினர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், ரவுட்டர் இருக்கும் நிலையை அவரால் மாற்ற முடியாது. நான் போய்ப் பார்க்கும் பல இடங்களில் ரவுட்டர் வரவேற்பறையில், கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. அதைத் திருப்பினால் அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் வைஃபையின் கடவுச்சொல்லோடு, ரவுட்டரின் உள்ளமைப்பைத் திறக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும், பெரும்பாலும் இரண்டுமே அட்மின் என்று. வாங்கிய நாளிலிருந்து அதை மாற்றியிருக்க மாட்டார்கள். வைஃபையில் இணைந்த எந்த விருந்தினரும் உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டி உள்ளே போய்விடலாம். போய், தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு அங்கே தங்கும் எல்லோரும் தட்டும் தளப் பெயர்களுக்கு, மாற்றியவர் விரும்பும் விடை கிடைக்கும். பிரேசிலில் 2011, 2012 வாக்கில் சுமார் 45 லட்சம் மோடம்களில் இப்படி டிஎன்எஸ் மாற்றப்பட்டு, வங்கித் தளங்களுக்குப் போனவர்கள் போலித் தளங்களுக்குத் திருப்பப்பட்டார்கள்.

சிசிடிவி இன்னொரு கவலை. பார்க்கிங்கைக் கண்காணிக்கும் கேமராவும், அதன் பதிவுப் பெட்டியும், விருந்தினர் பயன்படுத்தும் அதே வைஃபையில், கடையில் வாங்கிய நாளின் கடவுச்சொல்லோடு இருக்கின்றன. அறைக்கு வரும் பெண்களும் குழந்தைகளும் அந்தக் காட்சியில் பதிவாகிறார்கள் என்பதை யோசித்தாலே போதும். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய தளங்களை மணிக்கணக்கில் முடக்கிய மிராய் என்ற நிரல், இப்படி மாற்றப்படாத கடவுச்சொற்களோடு இருந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துத்தான் வளர்ந்தது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல, பெரும்பாலும் செலவும் இல்லை. உள்ளமைப்பின் கடவுச்சொல்லை மாற்றி, ஸ்டிக்கரில் இருப்பது பயன்படாதபடி செய்யுங்கள். விருந்தினருக்கென்று தனி வைஃபையை உருவாக்கும் வசதி இன்றைய சாதாரண ரவுட்டர்களிலேயே இருக்கிறது. கேமரா, பில் போடும் கணினி, வீட்டுக் கைப்பேசி எல்லாம் அதற்கு வெளியே இருக்கட்டும். விருந்தினர் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரிக்கும் அமைப்பையும் இயக்குங்கள். காற்றில் போகும் தரவை மறைகுறியாக்கும் முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3-ஐ ரவுட்டர் ஆதரித்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-இல், சுவரில் எழுதியிருக்கும் கடவுச்சொல்லைத் தெரிந்த ஒருவர், மற்றவரின் கருவி இணையும் கணத்தில் நடக்கும் பரிமாற்றத்தைப் பிடித்தால், காற்றில் போகும் அவருடைய தரவை அவிழ்க்க முடியும். டபிள்யூபிஏ3 அந்த வழியை அடைத்துவிட்டது. சீசன் முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மின்சாரம் போய் வந்தவுடன் சில ரவுட்டர்கள் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். மழைக்காலத்தில் அவ்வப்போது திறந்து பார்ப்பது அவசியம்.

நான் வேலை செய்து கொடுக்கும் இடங்களில் ஒரு தாளை அச்சிட்டு ஒட்டச் சொல்கிறேன். எங்கள் வைஃபையின் பெயர் இது ஒன்றுதான். கடவுச்சொல்லைத் தவிர வேறு எதையும் இது கேட்காது. ஓடிபியோ வங்கி விவரமோ கேட்கும் பக்கம் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு எங்களிடம் சொல்லுங்கள் என்று அதில் இருக்கும். "இதப் படிச்சா வர்றவங்க பயந்துருவாங்க தம்பி" என்று பெருமாள்மலைப் பக்கம் ஓர் உரிமையாளர் தயங்கினார். சில நாட்கள் கழித்து அவரே அழைத்து, விருந்தினர்கள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள், தமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றார். அதனால் இப்போது ரவுட்டரைப் பொருத்தும் நாளிலேயே உரிமையாளரையும், வரவேற்பைப் பார்த்துக்கொள்ளும் பையனையும் உட்கார வைத்து, உள்ளமைப்புப் பக்கத்தை அவர்கள் கையாலேயே திறக்கச் சொல்லி, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் தங்களுடையவை எவை என்று அடையாளம் சொல்லும் வரை கூடவே இருக்கிறேன்.